இளநிலை மாணவர்களுக்கும் வளாகத்தைத் திறந்துவிடுங்கள்

சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் வளாகத்தில் அமர்ந்து பாடம் கேட்டவர்கள் அல்லர். 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே அது தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் உருவான துறைகளும் பெரும்பாலும் முதுகலைக்கும் ஆய்வுக்கும் உரியவையாகவே வளர்ந்தன. அண்மையில் சில இளநிலைப் படிப்புகள் வந்திருந்தாலும் அந்த அடிப்படை மாறவில்லை. அது மாற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதுகலை மாணவர் வளாகத்தில் இருப்பது இரண்டே ஆண்டுகள். முதல் பருவம் இடம் பழகுவதிலும் கடைசிப் பருவம் ஆய்வேட்டிலும் கழிந்துவிட, ஒரு தமிழ் மன்றத்தையோ நாடகக் குழுவையோ விளையாட்டு அணியையோ மூத்தவரிடமிருந்து ஏற்று, வளர்த்து, இளையவரிடம் ஒப்படைக்க அவருக்கு அவகாசம் கிடைப்பதில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் வந்து மூன்று நான்கு ஆண்டுகள் தங்குபவர்களால்தான் அந்தத் தொடர்ச்சி நிலைக்கிறது. வாழ்நாள் முழுதும் 'எங்கள் கல்லூரி' என்று உரிமையோடு பேசுபவர்களும் அவர்களே. சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் பெற்றது உங்கள் பட்டம். ஊர் அவர்களை மாநிலக் கல்லூரி மாணவர்களாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த கிண்டி வளாகத்துக்கோ, பள்ளி முடித்தவர் நேரே நுழையும் வாசல் இன்றும் குறுகலாகவே இருக்கிறது.

இளநிலை மாணவர்கள் உங்களுக்குப் புதியவர்களும் அல்லர். 1944இல் உங்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அழகப்பர் தொழில்நுட்பக் கல்லூரி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் மாணவர்களும் கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் அந்தப் புதிய பெயருக்கு எவ்வளவு விரைவாக மதிப்புத் தேடித் தந்தார்கள் என்பதைத் தமிழ்நாடே கண்டது. முழுக்க ஆய்வுக்கென்றே அறியப்பட்டிருந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2011இல் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியது.

இணைவுக் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே, கல்லூரிகளில் ஆய்வக வசதியோ ஆசிரியரோ அரிதாக உள்ள தொல்லியல், மானிடவியல், உயிர் இயற்பியல் போன்ற பாடங்களில் சிறு எண்ணிக்கையில் தொடங்கலாம். மூத்த பேராசிரியர்களே முதலாண்டு வகுப்புகளை எடுக்க வேண்டும். வெளியூர் மாணவர்களுக்கான விடுதி இடங்களை உறுதிசெய்த பிறகே சேர்க்கையை அறிவிக்க வேண்டும். விடுதி இல்லையென்றால் மாலையில் வளாகம் வெறிச்சோடிப்போகும். அடுத்த கூட்டத்திலேயே இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டதாரிகளில் ஒருவர்