ஆண்கள் பாடற்குழு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அண்ணன்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

நிறைய பேர் புதிதாக வந்திருப்பதால் குழுவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் கோயில் பஜனை என்றால் பெண்கள்தான் பாடுவார்கள். நாம் உறுமி அடிப்போம், அன்னதானம் பரிமாறுவோம், அவ்வளவுதான். ஒரு தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வேனில் போனபோது வழிநெடுகப் பாடிய நாலைந்து பேரால் வந்தது இந்தக் குழு. செம்பனை வெட்டுகிறவர், லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம்.

முதல் தொல்லை சுருதி. பெண்கள் பாடும் ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நமக்குச் சரிப்படாது. ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வைத்த பிறகுதான் குரல்கள் ஒட்டின. அப்புறம் திருப்புகழ். அதன் சந்தம் பாடிப் பழகியவரையே தடுக்கி விழவைக்கும். அதனால் நாமாவளியில் தொடங்கினோம்: ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. வரி தெரியாமல் வந்தவரும் அன்றே பாடிவிடலாம். ஆள் கூடியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். (பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரும் ஒரு காரணம்!)

பயிற்சி சனிக்கிழமை இரவு 8 மணி, தமிழ்ப்பள்ளி மண்டபம். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தாமதமாக வரலாம், பசியாறிவிட்டே வாருங்கள். கைப்பேசியில் சுருதிப்பெட்டி செயலி வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லுங்கள். காலை வணக்கப் படங்கள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.