'ஏதேனும் ஒரு பட்டம்' போதும் என்றால் எதற்கு இத்தனை அடிதடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கையில் நியாயம் வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். மதிப்பெண்ணா, நேர்காணலா, ஒதுக்கீடா, எதை வைத்து இடம் கொடுப்பது என்றே எல்லோரும் பேசியிருக்கிறார்கள். சரி, பேச வேண்டியதுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் பல வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். ஒரு வேலைக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தால் முதலில் நடப்பது, பட்டம் இல்லாதவர்களின் விண்ணப்பங்களை எடுத்து ஓரமாக வைப்பது. அவர்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று யாரும் சோதித்துப் பார்த்து முடிவு செய்ததில்லை, படிக்க வேண்டிய காகிதம் குறைகிறது, அவ்வளவுதான். வேலை விளம்பரங்களைப் பாருங்கள், 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றுதான் போட்டிருக்கும். விலங்கியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் அதே மேசையில் உட்கார்ந்து அதே பில்லைச் சரிபார்க்கலாம் என்றால், கல்லூரியில் என்ன படித்தார் என்பது வேலை கொடுப்பவருக்குத் தேவையே இல்லை, படித்து முடித்தார் என்ற அத்தாட்சி மட்டும் தேவை என்றுதானே அர்த்தம்?

பொருளாதாரத்தில் இதைப் பற்றி 1973இலேயே எழுதிவிட்டார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர் அந்த வருடம் எழுதிய கட்டுரையில், படிப்பு ஒருவரின் திறமையைக் கூட்டவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும்கூட, 'இவர் தாக்குப்பிடிக்கக் கூடியவர்' என்று வேலை கொடுப்பவருக்குக் காட்டும் அடையாளமாக அது சம்பளத்தைக் கூட்டும் என்று விளக்கினார், 2001இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். சம்பளக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்கள். கல்லூரியில் ஒவ்வொரு வருடம் படிப்பதற்கும் சம்பளம் சீராக ஏறுவதில்லை, பட்டம் கையில் வரும் கடைசி வருடத்தில்தான் பெரிய தாவல். பாடத்துக்குத்தான் சம்பளம் என்றால் கடைசிப் பரீட்சை மட்டும் எழுதாமல் போனவருக்குப் பெரும்பங்கு கிடைத்திருக்க வேண்டும், அப்படிக் கிடைப்பதில்லை. கடன் வாங்கிச் சேர்ந்து நடுவில் நின்றுபோனவர் பாடு இன்னும் மோசம், கடன் மட்டும்தான் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு 'டாக்டருக்கும் பட்டம் வேண்டாமா' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், வழக்கம்தான். அறுவை சிகிச்சை செய்பவரும் பாலம் கட்டுபவரும் முறையாகப் படித்தே ஆக வேண்டும். படிப்பின் சுகத்துக்காகவே தத்துவமோ இலக்கியமோ படிக்கிறவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொல்லப்போனால் அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் சொல்வது, அந்த வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெரிந்தே பட்டத்தை வாசலில் காவல் நிறுத்துவதை.

இந்தக் காவல் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம் நல்ல வேலைகளுக்குப் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும் என்றது. ஆனால் சான்றிதழ் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலைகளை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த விதியால் மேலே போக முடியாமல் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். வேலையோடு தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியாத இப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது பள்ளிச் சான்றிதழ். இன்று அதே இடத்தில் கல்லூரிப் பட்டம் நிற்கிறது, விஷயம் மாறவில்லை.

அமெரிக்காவில் இதில் கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் மேரிலாந்து மாநிலம் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்ட நிபந்தனையை எடுத்தது, 2023 தொடக்கத்தில் பென்சில்வேனியா தன் அரசு வேலைகளில் 92 சதவீதத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை என்றது. தனியார் நிறுவனங்களும் ஆர்ப்பாட்டமாக அறிவித்தன. ஆனால் 2024இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றத்தால் பட்டமில்லாதவர்களுக்குப் புதிதாகக் கிடைத்த வேலைகள், வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேருக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. விளம்பரத்தில் வரியை எடுத்துவிடலாம், விண்ணப்பத்தைப் புரட்டுகிற ஆளின் பழக்கத்தை எப்படி எடுப்பது?

வேலைக்கான கதவு பட்டத்தைப் பார்த்தே திறக்கிறது என்றால், கல்லூரிக் கதவை எப்படியாவது திறக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பணம் இருப்பவர் பணத்தால். அமெரிக்காவில் 2019இல் அம்பலமான சேர்க்கை மோசடியில், விளையாட்டுப் பக்கமே போகாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்திருந்தார்கள், தேர்வு விடைகளையும் மாற்றி எழுத ஏற்பாடு செய்திருந்தார்கள். அதை நடத்திய வில்லியம் சிங்கருக்கு 2023இல் மூன்றரை வருடச் சிறை. அவர் தன் வாடிக்கையாளர்களிடம், கோடிகளில் நன்கொடை கொடுத்துப் போவது பின்வாசல், தன்னுடையது பக்கவாசல், செலவு குறைவு என்று விளக்குவாராம். பக்கவாசலுக்கு ஜெயில், பின்வாசலுக்குக் கட்டடத்தில் பெயர்ப்பலகை! அதே ஹார்வர்டு போன்ற இடங்களில் பெற்றோர் அங்கே படித்தவர்கள் என்பதற்காகவே பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. ராஜ் செட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் காட்டிய கணக்கு, ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் எடுத்திருந்தாலும், மிகப் பெரிய பணக்காரர்களான 1 சதவீதத்தினரின் பிள்ளைக்கு அந்தப் பெரிய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் இன்னொரு கொடுமை. டேல், க்ரூகர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பிற்பாடு ஏறக்குறைய அதே அளவுதான் சம்பாதித்தார்கள். விதிவிலக்கு, ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத்தான் பெரிய கல்லூரியால் உண்மையான பலன் இருந்தது. அதாவது எங்கே படித்தாலும் பிழைத்துக்கொள்ளக் கூடிய பிள்ளைகளைத்தான் பக்கவாசலுக்கும் பின்வாசலுக்கும் பணம் கட்டி உள்ளே அனுப்புகிறார்கள்.

சரி, முறையான வாசலிலாவது நியாயம் உண்டா? அரை மதிப்பெண்ணில் இடம் போனவரையும் அரை மதிப்பெண்ணில் இடம் பெற்றவரையும் பக்கத்தில் நிற்கவைத்து யார் கெட்டிக்காரர் என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் அயர்லாந்தில் ஒரே புள்ளியில் நிற்பவர்களுக்குள் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கிறார்கள், நம் பொறியியல் கலந்தாய்வில்கூடக் கடைசி வழியாக ரேண்டம் எண் இருக்கிறது. நெதர்லாந்தில் 1970களிலிருந்தே மருத்துவப் படிப்புக்குக் குலுக்கல் இருந்தது, மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும். மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஒரு மாணவிக்குத் திரும்பத் திரும்ப இடம் கிடைக்காமல் போய் நாடே கொதித்தது, உச்சத்தில் இருப்பவர்களுக்கு நேரடி இடம் என்று திருத்தினார்கள். பிற்பாடு குலுக்கலையே எடுத்துவிட்டு நேர்காணல், ஆர்வக் கடிதம் என்று மாற்றிப் பார்த்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதற்கும் பணம் கட்டிப் பயிற்சி எடுத்தார்கள். கடைசியில் 2023இலிருந்து, விரும்புகிற கல்லூரிகள் குலுக்கலை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திறந்துவிட்டார்கள்.

உழைத்துப் படித்தவனைச் சீட்டுக் குலுக்கி அனுப்புவதா என்று கோபம் வரும், புரிகிறது. தகுதிக்கோட்டைத் தாண்டாதவருக்குக் குலுக்கல் கிடையாது, ஒதுக்கீட்டிலும் கை வைக்க வேண்டாம். கோட்டைத் தாண்டியவர்களுக்குள், வித்தியாசம் சொல்ல முடியாத இடத்தில் மட்டும் குலுக்கலைக் கேட்கிறேன். அரை மதிப்பெண்ணும் பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான், என்ன, அதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிறோம். குலுக்கலில் தோற்ற பிள்ளை தன்னை மட்டி என்று நினைத்துக்கொள்ள மாட்டான், ஜெயித்தவனும் கொஞ்சம் அடக்கமாக இருப்பான்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையிலும் வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கிறது. 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று விளம்பரம் வரும்போது, இந்த வேலைக்குப் பட்டம் எதற்கு என்று கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்