ஒலியைக் குறைத்துக் கேள்

அன்புள்ள தம்பி,

நீ ஆல்பம் பெயர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டதால் இந்தமுறை நான் அனுப்புகிறேன். சிரிக்காதே. பெரிய கம்பெனிகளைச் சாராமல் போடும் இண்டி இசை என்றால் ஸ்டுடியோவுக்குக் காசில்லாதவர்கள் பாடுவது என்று உன் அப்பா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அதையெல்லாம் தாண்டி வெகுநாளாகிறது. உன் தயவுதான்.

முதலில் ஜெசிக்கா பிராட்டின் 'ஹியர் இன் த பிட்ச்', 2024-இல் வந்தது. ஒன்பதே பாடல்கள், மொத்தம் 27 நிமிடங்கள். நேரமில்லை என்று நீ சொல்ல வழியில்லை. அவசரமே இல்லாத குரல். அறுபதுகளின் பாப் பாடல்களின் சாயல் இருந்தாலும் பழசைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை.

அதே ஆண்டில் வந்த இன்னொன்று, சின்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி'. அந்தப் பெயரில் பாடுபவர் கனடாவின் பேட்ரிக் ஃபிளெகல். 32 பாடல்கள், இரண்டு மணி நேரம். வெளியானபோது ஸ்ட்ரீமிங் தளங்கள் எதிலும் இல்லை. யூடியூபில் ஒரே நீள வீடியோவாகக் கேட்க வேண்டியிருந்தது, அல்லது கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் உலகம் தேடிப்போய்க் கேட்டது. கிடார் வேண்டுமென்றே கரகரக்கிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பயந்து உன் அக்காவை அழைத்தேன். நீ போனை எடுக்கிறவனாக இருந்தால் உன்னைத்தான் அழைத்திருப்பேன்.

ஹெட்ஃபோனில் ஒலியைக் குறைத்து வை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஒத்திகை அறையில் நீங்கள் போடும் சத்தத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் எந்த மூலைக்கு? காது போனால் போனதுதான்.

பெத் கிப்பன்ஸ், உனக்குப் பிடித்த போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி, தனியாக 'லைவ்ஸ் அவுட்குரோன்' வெளியிட்டதும் 2024-இல்தான். அதற்குப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டாள். வயதாவதையும் வேண்டியவர்களை வழியனுப்புவதையும் பாடுகிறாள். உனக்கு இப்போது வேண்டாம், எனக்கு இருக்கட்டும்.

இனி பிளாக் கன்ட்ரி நியூ ரோடு என்ற இங்கிலாந்துக் குழு. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர்களின் 'ஆண்ட்ஸ் ஃபிரம் அப் தேர்' ஆல்பம் 2022 பிப்ரவரி 4 அன்று வெளியானது. அதற்கு நான்கு நாள் முன்னால், அதில் பாடியிருக்கும் ஐசக் வுட் குழுவிலிருந்து விலகிவிட்டான். கிடார் வாசித்துக்கொண்டே பாடுவது கடினமாகும் அளவுக்குத் துக்கமும் பயமும் என்று எழுதினான். மற்றவர்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அவனைப் பெற்றவளுக்கு அது முன்பே தெரியுமா, அல்லது ஊரோடு சேர்ந்து அவளும் படித்துத்தான் தெரிந்துகொண்டாளா என்றே என் புத்தி போகிறது.

மிச்சமிருந்த ஆறு பேர் அவன் இடத்தில் வேறொருவனைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அவன் பாடிய பாடல்களை மேடையில் பாடவும் இல்லை. புதிதாக எழுதி, அவர்களில் மூவர் மாறி மாறிப் பாடி, 'லைவ் அட் புஷ் ஹால்' என்று 2023-இல் வெளியிட்டார்கள். 2025-இல் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்' ஆல்பத்தில் டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா மூவரும் பாடலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூன்றையும் வந்த வரிசையிலேயே கேள். 'ஆண்ட்ஸ் ஃபிரம் அப் தேர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் போகிறது. பாதியில் நிறுத்திவிடாதே, கடைசிப் பகுதிக்காகத்தான் முழுப் பாட்டும். அதைப் பாடி வைத்துவிட்டுத்தான் ஐசக் போயிருக்கிறான். பாடியது பாடியதுதானே, அதை யார் எடுத்துவிட முடியும்?

உங்கள் குழுவின் பக்கத்தில் புதுப் படம் ஒன்று பார்த்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. நால்வர்தானே இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். படம் எடுத்ததே நீதான் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லாதே.

உன் கறுப்புப் பெட்டி மேல் அறையில் அப்படியே இருக்கிறது. அந்தச் சின்ன வயதில் நீ மெட்டுப் போட்டதை இன்றுவரை வேறு யாரும் அந்த மாதிரி போடவில்லை. தாய் சொல்வதால் கணக்கில் சேராது என்பாய். சேர வேண்டாம். நேரத்துக்குத் தூங்கு. ஒலியைக் குறைத்து வை.

இவற்றில் எது பிடிக்கவில்லை என்றாவது இரண்டு வரி எழுது. பிடிக்காததைச் சொல்ல நீ என்றைக்கும் சோம்பல் பட்டதில்லை.

அம்மா