ஞாயிறு காலை கிளை வாய்க்கால் தூர் வாருகிறோம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஞாயிறு காலை 6 மணிக்கு மூணாவது மடைக்கிட்ட வந்துவிடுங்கள், மண்வெட்டி, அரிவாள் அவரவர் கொண்டு வரணும். டீயும் பன்னும் உண்டு.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி (1970-இல் தமிழ்நாடும் கேரளாவும் போட்டது) பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவு தடுப்பணையில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வரணும், அந்தக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். சரி, அது மூலத்தரை தடுப்பணை தாண்டி நம்ம கிளைக்குள்ளே வந்தாலும், புல்லும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தால் கடைமடைக்காரர் தென்னை காயத்தானே செய்யும்? போன தடவை அவருடைய தண்ணீர் முறை ராத்திரி 2 மணிக்கு வந்தது, டார்ச்சோடு விடிய விடிய காத்திருந்து கால் நனையும் அளவுக்குக்கூட வரவில்லை, மேலே யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். யார் என்று எழுதவில்லை, குழுவிலேதான் இருக்கிறார், இதையும் படிப்பார்.

வர முடியாதவர்கள் ஓர் ஆளுக்கு உண்டான கூலியைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், குட் மார்னிங் படம் அனுப்புகிற மாமாக்கள் ரெண்டு நாள் பொறுங்கள், முறைப் பட்டியல் மேலே போய் யாருக்கும் தெரியாமல் போகிறது.