லைலா பின்வரிசைக்குப் போன கதை

மாடிசன்
மே 2025

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்று மட்டும் இரண்டு வரி எழுது. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

நான் எழுத உட்கார்ந்தது உன் பள்ளிப் பெண்ணுக்காக. ஹாக்கியில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவளை நீ பின்வரிசைக்கு மாற்றி ஃபுல்பேக்காக நிறுத்தியதும் அவள் அழுததையும், அவளுடைய அப்பா மைதானத்துக்கே வந்து "என் பெண்ணை ஒதுக்குகிறீர்கள்" என்று சத்தம் போட்டதையும் எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கு யார் நினைவு வந்திருக்கும்? வேப்பமரத்தடியில் மட்டையை வீசிவிட்டு உட்கார்ந்த ஒருத்தி. பி.டி. சாரே வந்து கெஞ்சியும் எழுந்திருக்காத ஒருத்தி. கோவில்பட்டியில் அந்த மரம் இன்னும் இருக்கிறதா, டீச்சரம்மா?

சரி, கேலி போதும். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் நீ இங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் லைலா எட்வர்ட்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். போனில் நான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "ஐஸ் ஹாக்கியெல்லாம் ஒரு ஹாக்கியா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் ஹைட்ஸ் என்ற ஊரில் 2004இல் பிறந்தவள். கறுப்பினக் குடும்பம். அப்பா சிறுவயதில் ஐஸ் ஹாக்கி ஆடியவர், மகள் நடக்கப் பழகிய சூட்டோடு ஸ்கேட்டிங்கும் பழக்கிவிட்டார். பள்ளி நாட்களிலேயே வீட்டை விட்டு, 400 கிலோமீட்டருக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருக்கும் பிஷப் கியர்னி பள்ளியின் ஹாக்கி அணியில் சேர்ந்தாள். அந்த வயதுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப எத்தனை தைரியம் வேண்டும்! நம் வீடுகளில் திருநெல்வேலிப் பந்தயத்துக்கு அனுப்பவே என்ன பாடு பட்டோம்.

2022இல் இங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அக்காவும் அதே அணியில் இருந்தாள். முதல் பருவத்திலேயே, 2023 மார்ச்சில், தேசியக் கோப்பை. அணியின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன், 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர். அந்த நவம்பரில் லைலாவுக்கு நாட்டு அணியிலிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்கப் பெண்கள் சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவள்தான். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1998இல். இத்தனை ஆண்டுகளில் ஒருத்திகூட இல்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் அணியில் யாரையெல்லாம் கூப்பிடாமல் விட்டார்கள் என்று நீயும் நானும் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தக் கோபம்.

2024 ஏப்ரலில் யூட்டிகா நகரில் உலகப் போட்டி. இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் கனடா 6-5 என்று ஜெயித்தது. ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் லைலாவுக்கு. வயது 20. ஆடியது முன்வரிசையில். இதை அந்த அப்பாவிடம் அழுத்திச் சொல்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் நாட்டு அணி அவளைப் பின்வரிசைக்கு மாற்றியது. உலகப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது கொடுத்த கை காயுமுன், போய்த் தடுப்பாட்டம் ஆடு என்றார்கள்! சரியாக ஆடாதவளையா மாற்றினார்கள்? 185 சென்டிமீட்டர் உயரம், மட்டையை நீட்டினால் எதிராளியின் வழியே அடைபடும். தூரத்திலிருந்தே கோலுக்கு அடிக்கும் பலமான ஷாட். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடுகளம் முழுவதையும் பார்க்கிற கண். பின்னால் நிற்கிறவளுக்குத்தான் பத்துப் பேரும் தெரிவார்கள் என்று பி.டி. சார் சொல்லுவாரே, அதேதான்.

கல்லூரி அணியில் அவள் தொடர்ந்து முன்வரிசைதான். அந்த அணி ஆடும் லபான் அரங்கம் சின்னது, கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தால் எல்லாம் முகத்துக்கு நேரே நடக்கும். ஒருமுறை மூலையில் சிக்கிய பக்கை, அதாவது நம் பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டை, எடுக்க இரண்டு பேர் அவளை நெருக்கினார்கள். அவள் அவசரப்படவே இல்லை. இடுப்பை லேசாகத் திருப்பி அவர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், தலை நிமிர்ந்திருந்தது, பக்கைக் குனிந்து பார்க்கவே இல்லை. ஸ்கேட் திரும்பும்போது பனித்தூள் கண்ணாடியில் வந்து அப்பியது. அடுத்த நொடி பக் கோலுக்கு எதிரே நின்ற தோழியின் மட்டையில் இருந்தது. இவள் ஏன் பின்வரிசைக்கும் பொருத்தம் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

இந்தப் பருவத்தில் அவள் அடித்தது 35 கோல், நாட்டிலேயே அதிகம். மார்ச்சில் கல்லூரி இறுதி ஆட்டம், ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக. 18.9 விநாடி மீதமிருக்கும்போது லைலாவின் அணித்தோழி கர்ஸ்டன் சிம்ஸ் பெனால்டி ஷாட்டில் சமன் செய்து, கூடுதல் நேரத்திலும் அவளே அடித்து 4-3. ஏப்ரலில் செக் நாட்டில் உலகப் போட்டி இறுதி, கனடாவுக்கு எதிராக. அதுவும் கூடுதல் நேரம், அதுவும் 4-3, இந்த முறை தங்கம். மார்ச்சில் ஃபார்வர்டாகக் கோப்பை வாங்கியவள் ஏப்ரலில் டிஃபென்டராகத் தங்கப் பதக்கம் வாங்குகிறாள். இதற்கு மேல் அந்த அப்பாவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் மல்லிகா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாற்றும்போது அந்தப் பெண்ணிடம் காரணம் சொன்னாயா? உன்னிடம் அன்று யாரும் சொல்லவில்லை. நீ அழுதது பின்னால் போனதற்காக இல்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பலகையில் பெயரை மாற்றி எழுதியதற்காக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுடைய எந்தத் திறமையைப் பார்த்து இதைச் செய்தாய் என்று விளக்கு. உள்ளூர்ப் பந்தயங்களில் நடுநடுவே முன்வரிசையிலும் ஆடவிடு. இரண்டும் தெரிந்தவளைத் தேர்வாளர்கள் விடமாட்டார்கள்.

அடுத்த பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக். லைலாவைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றே நம்புகிறேன். தேர்ந்தெடுத்தால் ஆட்டம் எந்த நேரத்தில் இருந்தாலும் உன்னை எழுப்பிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

மாவட்டத் தேர்வு எந்தத் தேதி? அந்தப் பெண்ணின் ஷூ அளவையும் எழுது. சின்னவள் ஜூலையில் ஊருக்கு வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் லெஃப்ட் அவுட்