குடியிருப்போர் நலச் சங்கம்: 2021–22 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கொரோனாவால் இரண்டு வருடம் கழித்து நேரில் கூடுகிறோம். போன பொதுக்குழு ஜூமில் நடந்தது. 86 வீடுகளில் 19 பேர் வந்தார்கள். தீர்மானங்களுக்கு யாரோ வீட்டுக் குக்கர்தான் அதிகம் குரல் கொடுத்தது.

செயற்குழு 6 முறை கூடியது. செப்டம்பர் 12 மெகா தடுப்பூசி முகாமுக்கு நம் வாசகசாலையைத் திறந்துவிட்டோம். நவம்பர் மழையில் இரண்டாம் தெருவில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தோம். காணும் பொங்கல், ஜனவரி 16 ஞாயிறு முழு ஊரடங்கில் விழுந்ததால் விளையாட்டுப் போட்டி இல்லை. தாம்பரம் மாநகராட்சி ஆனபின் பிப்ரவரி 19இல் நடந்த முதல் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த எல்லாரிடமும் வடிகால் மனு கொடுத்தோம்.

அடுத்து, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், அதாவது ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற 2021 மே மாதத்தில் பணம் கட்டினோம். "உடனே வாங்குங்க சார்" என்று இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதியவர்களே இப்போது "யாரைக் கேட்டு வாங்கினீங்க?" என்கிறார்கள். மெஷின் வந்து சேர்ந்தபோது ஜூன் மூன்றாம் வாரம். அலை இறங்கிவிட்டது, விலையும் இறங்கிவிட்டது, வாஸ்தவம். இதுவரை இரண்டு வீடுகளில் மொத்தம் 9 நாள் ஓடியிருக்கிறது. ஆனால் ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது மூன்று பேர் போன் செய்து, "மெஷின் இருக்குல்ல?" என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். யாரும் எடுத்துப்போகவில்லை. இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று பொருளாளருக்குத் தெரியவில்லை. மெஷின் என் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஓடவிட்டு ஃபில்டர் கழுவுகிறேன். கரண்ட் பில் என்னுடையது. மேலே துண்டு விரித்து என் மனைவி பேப்பர் அடுக்குகிறார்.

சந்தா மாதம் 150 ரூபாய். 31 வீடுகள் வருடம் முழுக்கத் தரவில்லை. அவற்றில் வேலை போன நான்கு வீட்டாரிடம் நாங்களே கேட்கவில்லை. மற்றவர்கள் சொல்லும் காரணம், "ஊரடங்கில் பூங்காவைப் பூட்டினீர்களே." பூட்டச் சொன்னது அரசாங்கம். வாட்ச்மேன் அந்த மாதங்களிலும் வந்தார், அவருக்குச் சம்பளம் உண்டு. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. படித்தாலும் கேட்க அவர்கள் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு சற்றுக் கூடுதல், பழைய வைப்பு நிதி கைகொடுத்தது.

தலைவர், செயற்குழுவினர், தூய்மைப் பணியாளர்கள், நாற்காலி இலவசமாகத் தந்த பந்தல்காரர், அனைவருக்கும் நன்றி. ஐஐடி வளாகத்தில் தொற்று பரவியதும் இம்மாதம் மறுபடி 500 ரூபாய் அபராதம் என்றிருக்கிறார்கள். தாடைக்கு இறக்கியிருக்கும் மாஸ்க்கை ஏற்றிக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டுச் செயலாளர் பொறுப்புக்கு யாரும் பெயர் கொடுக்கலாம். நான் ஆறு வருடம் பார்த்துவிட்டேன், பிடித்துவைத்துக்கொள்ளும் எண்ணமில்லை. வருகிறவர் வீட்டு ஹாலில் ஒரு பிளக் பாயிண்ட் காலியாக இருந்தால் நல்லது. பாக்கிப் பட்டியலையும் மெஷினோடு சேர்த்தே ஒப்படைப்பேன்.

– செயலாளர், ஏப்ரல் 2022