கடை பூட்டின பிறகு கை தந்தவர்களுக்கு

மட்டக்களப்பு நகரத்துக் கடைகளில் வேலை செய்கிற அக்காமார், தம்பிமார், எங்களை நம்பிச் சாவி தந்த முதலாளி, காத்தான்குடிக் காக்காமார் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதை யாரும் வாசிப்பதில்லை. கல்லடியில் எங்கள் படத்தைத் திரையிட்ட அன்றும் பாதிப்பேர் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் கெட்டுவிடாது. ஹர்த்தால் நாள். ஊர் முழுக்கக் கடை பூட்டு. ஒரு புடவைக்கடை முதலாளி மட்டும் "வீட்ட சும்மா இருந்து என்ன செய்யப் போறீங்க, வாங்க ஸ்டொக் எடுப்பம்" என்று மூன்று பேரை உள்ளே விட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போகிறார். வாங்க ஆளில்லை, எண்ணுவதற்கு மனமில்லை. மூன்று பேரும் பொழுதுபோகாமல் ஒருவரை ஒருவர் எப்படிப் படுத்துகிறார்கள் என்பதுதான் மிச்சப் படம்.

ஹர்த்தால் கதைக்குள் வந்ததற்கு அரசியல் காரணம் எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் பகலில் ஏதோ ஒரு கவுண்டரில் நிற்கிறவர்கள், இரவில்தான் படம் எடுக்கலாம். 1994இல் வந்த 'கிளார்க்ஸ்' படத்தை அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித், தான் வேலை பார்த்த நியூ ஜேர்சிக் கடையிலேயே இரவிரவாக, 27,575 டொலரில் எடுத்தார். பகலில் ஷட்டர் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்பவர்களுக்காக, பூட்டுக்குள் யாரோ சுவிங்கத்தை அடைத்துவிட்டதாக ஒரு சாட்டு வைத்தார். மட்டக்களப்பானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஹர்த்தால் என்றால் போதும்.

முதல் நன்றி முதலாளிக்கு. வாடகை கேட்கவில்லை, கரண்ட் பில்லும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: "விடிய நான் வரக்குள்ள ஒரு துணி இடம் மாறிக் கிடக்கப்படாது." கடைக்குள் இருக்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று தெரியும். படத்தில் ஒரு காட்சி உண்டு. பொழுதுபோகாமல் ஒருத்தி வாடிக்கையாளராக நடிப்பாள். அலுமாரியில் உள்ள சேலை அத்தனையையும் விரிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பிளவுஸ் துணி கேட்பாள். ஒவ்வொரு டேக்குக்கும் அத்தனை சேலையையும் திரும்ப மடிக்க வேண்டும். பகல் முழுக்க அதே வேலையைச் செய்துவிட்டு வந்த அக்காமார் இரவும் இருந்து மடித்தார்கள்.

அவர்களில் ஒரு அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கதாநாயகியாக நடித்த தங்கச்சி சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறவ. நடிப்பில் குறை சொல்ல ஏலாது, சேலை மடிக்கத்தான் வராது. ஆகவே கிட்டத்தில் காட்டுகிற கைகள் அக்காவுடையவை. கரையைக் கரையோடு சேர்த்து, ஒரு முனையை நாடியால் அழுத்திக்கொண்டு இரண்டு உதறு. மூன்றாவது மடிப்பில் விலைச்சீட்டு தானாக மேலே வந்து நிற்கும். சேலையைப் பார்க்கவே மாட்டா. பக்கத்தில் நிற்கிறவவிடம் "மறுகா என்ன நடந்த?" என்று ஊர்க்கதை கேட்டபடியே மடிப்பா. எங்கள் படத்திலேயே நல்ல ஷொட் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதே அக்கா தான் சீட்டுக்காசு எடுக்கிற முறையை எங்களுக்கு விட்டுத்தந்ததை இங்கே எழுதக்கூடாது என்று சொன்னா. எழுதிவிட்டேன், மன்னிக்க வேணும்.

வெளிச்சம் சரிவந்தது கலியாண வீடியோ எடுக்கிற தம்பியால். இலங்கைக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் கடை டியூப் லைட் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, போன் கமராவில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடும். செக்கனுக்கு 25 பிரேமில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 ஆக்கினான், பட்டை போய்விட்டது. போனில் படம் எடுக்கப் போகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. புடவைக்கடைக்குள் நான்கு சுவரும் துணிக்கட்டு, எதிரொலி முழுக்க அதுக்குள்ளேயே அமுங்கிவிடும். ஆனால் பேன் ஓடக்கூடாது. ஆடி மாதம், கச்சான் காற்றுக் காலம், ஷட்டரும் மூடியிருக்கு. நடித்தவர்களின் முகத்தில் வழிகிற வியர்வை மேக்கப் இல்லை. பக்கத்துக் கூல் பார் அண்ணா எங்கள் ஒவ்வொரு டேக்குக்கும் ஐஸ்கிறீம் பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டார். உருகினதை எங்களுக்கே தந்தார், காசும் வாங்கவில்லை.

முதலாளியாக நடித்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரே என்னைப் பேசும். வடமோடிக் கூத்தில் அரசனாக ஆடின மனிதர். கூத்தாடுகிற வட்டக்களரியில் நான்கு பக்கமும் சனம் இருக்கும், ஆகவே ஒரு வசனத்தை நான்கு பக்கமும் திரும்பித்தான் சொல்லிப் பழக்கம். எங்கள் கமரா ஒரு பக்கம்தான் நிற்கிறது. முதல் நாள் எடுத்ததில் முக்கால்வாசி ஐயாவின் பிடரி. குரலோ, மைக் இல்லாத காலத்துக் குரல். மெதுவாகச் சொல்லுங்க ஐயா என்றால், "மெதுவாச் சொன்னா கடைசி வரிசைக்குக் கேக்காதே மனே" என்பார். பிறகு அந்தச் சுற்றித் திரும்புகிற பழக்கத்தையே முதலாளியின் குணமாக வைத்துவிட்டோம். மண்டபத்தில் கூடுதலாகச் சிரித்தது அதுக்குத்தான்.

அதுக்கு அடுத்த சிரிப்பு ஸ்டூல் காட்சிக்கு. தொழில் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சேர் ஒருவர் ஸ்கிரிப்டை வாசித்தார். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை நேரம் என்று சொல்லித்தந்தார். எங்களில் பலருக்கு அது புதுச் செய்தி! கடை ஊழியர் இருப்பதற்குக் கதிரை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் கொண்டுவந்த கதையையும் அவர்தான் சொன்னார். அதிலிருந்து வந்த வசனம்தான், ஒரே ஸ்டூலுக்கு மூன்று பேரும் அடிபடுகிற இடத்தில் கெஷியர் பொடியன் கேட்பது: "அப்ப தமிழ்நாட்டுக்குப் போய் இருப்பமா?"

ஒரு பெரிய கடை, பெயர் வேண்டாம், தங்கள் ஊழியர் இந்தப் படத்தில் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. வரமுடியாமல் போனவர்கள் போனில் அனுப்பிய பகிடிகள் படத்தில் நிறைய இருக்கின்றன. எது யாருடையது என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் தந்த அம்மாமாருக்கு, ஷட்டருக்கடியில் வெளிச்சம் கண்டு தட்டிவிட்டு, உள்ளே வந்து ஒரு டேக் முழுக்கப் பார்த்துச் சிரித்த ரோந்துப் பொலிஸ்காரருக்கு, பொப்ளின் துணியை மூட்டி எங்களுக்குத் திரை தைத்துத் தந்த தையல்கார மாமாவுக்கு, எல்லோருக்கும் நன்றி. மாமா, மூட்டின தையல் சரியாகக் கதாநாயகனின் மூக்கில்தான் விழுகிறது. கல்முனைக்குப் போக முதல் கொஞ்சம் பார்த்துத் தாங்க.

அடுத்தது கல்முனை, அதுக்குப் பிறகு அக்கரைப்பற்று. கடை பூட்டிச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்குவோம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு டிக்கெட் இல்லை, முதலாளிமாருக்கு உண்டு.

காத்தான்குடிக் காக்கா, நீங்கள் படத்துக்குத் தந்த கடைப் பொம்மைகளில் சேலை கட்டினதின் இடது கை இன்னும் எங்களிடம்தான் கிடக்கு. பெருநாள் யாவாரம் தொடங்க முதல் கொண்டுவந்து தாறம்.